முத்திரைப் பயமும் மன்னிப்புக் கேளாத பிரசங்கிகளும்



செயற்கை நுண்ணறிவுதான் அந்திக்கிறிஸ்து என்று அலறும் காணொளி ஒன்று இந்த வாரம் நம் பண்டசோழநல்லூர்க் குடும்பங்களில் சுற்றி வருகிறது. எனக்கே நால்வர் அனுப்பினீர்கள். அதை மறுக்கவே எழுதுகிறேன்.

இந்தக் கூக்குரல் புதியதன்று. 1974இல் அமெரிக்கக் கடையொன்றில் முதன்முதலாகப் பார்கோடு பயன்பட்டது. பின்னாளில் அக்கோடுகளுக்குள் 666 ஒளிந்திருப்பதாகச் சொன்னார்கள். இன்று பல வேதாகமங்களின் பின்னட்டையிலேயே அவை இருக்கின்றன! 2000 பிறக்கையில் கணினிகள் நின்று உலகம் இருண்டுவிடும் என்றார்கள். அதில் மெய்யான பிழையும் இருந்தது. ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதிவைத்த பிழை. பொறியாளர்கள், நம் நாட்டவர் பலர் உட்பட, அதை வரிவரியாகத் திருத்தினார்கள். பீதி பரப்பியவர்கள் ஒரு வரியும் திருத்தவில்லை. 2010இல் ஆதார் வந்தது. அதுவும் மிருகத்தின் முத்திரை என்றானது.

வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். அங்கே முத்திரை, தொழுகையோடு சேர்த்தே பேசப்படுகிறது. யாரை வணங்குகிறாய் என்பதே அங்குள்ள கேள்வி. அறியாதவன் உடலில் திருட்டுத்தனமாக ஏற்றப்படும் பொருளாக அது சொல்லப்படவில்லை.

2021இல் தடுப்பூசிக்குள் சிப் இருக்கிறது என்று ஒருவர் பிரசங்கித்தார். நம் சபைத் தாயார் ஒருவர் அதைக் கேட்டு ஊசியைத் தள்ளிப்போட்டார். மே மாதத்தில் அவரை அடக்கம் செய்தோம். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா, கர்த்தர் அறிவார். ஆனால் பயந்தே இருந்தார் என்பதை நான் அறிவேன். அன்று நானும் பிரசங்கபீடத்தில் வாய்திறக்கவில்லை. அந்தப் பாரம் எனக்குண்டு. பேசியவரோ இன்றும் பேசுகிறார், புதிய தலைப்போடு.

2011 மே 21 அன்று நியாயத்தீர்ப்பு என்று அறிவித்தார் அமெரிக்கரான ஹெரால்டு கேம்பிங். நாள் கடந்தது, அக்டோபர் 21க்கு மாற்றினார், அதுவும் கடந்தது. ஆயினும் அடுத்த ஆண்டில், நாள் குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டார். நம்மவர்களிடம் அந்த அளவாவது எதிர்பார்க்கக்கூடாதா? நிறைவேறாத வார்த்தையைச் சொன்னவனைப்பற்றி உபாகமம் 18:22 என்ன கூறுகிறது என்று அவர்கள் வாசித்ததில்லையோ?

எச்சரிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கைப்பேசிக் கடன் செயலிகளும், குரலைப் போலிசெய்து பணம் பறிப்பதும் மெய்யான ஆபத்துகள்; அவற்றைக் குறித்துப் பிள்ளைகளோடு பேசுங்கள். அந்தக் காணொளி மறுபடியும் வந்தால் எனக்கு அனுப்பவேண்டாம். அனுப்பியவரிடமே, சென்றமுறை சொன்னது என்னவாயிற்று என்று கேளுங்கள்.