கூடிப் படிப்போம், சகோதரி

தாதியர் பயிற்சியை முடித்து, அமெரிக்க உரிமத்துக்கான என்கிளெக்ஸ் பரீட்சைக்கு அக்கரப்பத்தனையில் தனியே படிக்கும் சகோதரியே! தனிமையில் மனம் தளரும். கூடப் பயின்ற இருவர் மூவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருப்பவர் தொலைபேசியில் சேரட்டும்.

இது கணினிப் பரீட்சை. 2023 ஏப்ரல் முதல் குறைந்தது 85, கூடியது 150 வினாக்கள்; நேரம் 5 மணித்தியாலம். விடையளித்த வினாவுக்குத் திரும்ப முடியாது. ஆகவே ஒருவர் வினாவை வாசிக்க, மற்றவர் சரியான விடையோடு ஏனையவை ஏன் பிழை என்றும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். விளக்கிச் சொல்ல முடியாத இடமே இன்னும் படிக்க வேண்டிய இடம்.

பரீட்சை எழுதி வந்தவரிடம் மட்டும் வினாக்களைக் கேட்காதீர்கள். வெளியிடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டே அவர் எழுதினார்; அது அமானிதம். ஒருத்தி தேறாவிட்டால் 45 நாட்களின் பின் மீண்டும் எழுதலாம். அந்த 45 நாட்களும் அவளைத் தனியே விட்டுவிடாதீர்கள்.