மருந்து கொடுக்கும் கை

டாக்டர் வந்து பார்த்து, மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி உண்டாகிறது. இனிப் பயமில்லை என்று பெரியவர்கள் காப்பி அருந்தப் போய்விடுகிறார்கள். உண்மையில் ஜாக்கிரதை வேண்டிய வேலை அப்போதுதான் ஆரம்பமாகிறது. டாக்டர் எழுதியதிலோ, கடையில் எடுத்துக் கொடுத்ததிலோ பிசகு இருந்தால் அதைக் கண்டுபிடிப்பதற்குக் கடைசியாக மிஞ்சியிருப்பது மருந்து கொடுக்கும் கை ஒன்றுதான். பெரும்பாலும் அது இரவெல்லாம் கண் விழித்த ஒரு தாயின் கையாக இருக்கும். அல்லது மருமகளின் கையாக இருக்கும்.

இது பெண்டுகள் வேலை என்று ஒதுங்கிக் கொள்ளும் ஆடவர்களுக்கு ஒரு வார்த்தை. மகாத்மா காந்தி பதினாறு வயதுப் பிராயத்தில் நோயுற்ற தம் தந்தையின் ரணத்துக்குக் கட்டுக் கட்டினார். வேளை தவறாமல் மருந்து கொடுத்தார். வீட்டில் கலக்க வேண்டிய மருந்துகளைத் தாமே கலந்தார். 'சத்திய சோதனை'யில் அவரே இதை எழுதியிருக்கிறார். பிறகு தென்னாப்பிரிக்காவில் பாரிஸ்டர் தொழில் நடத்திய காலத்திலும் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் தினந்தோறும் ஒன்றிரண்டு மணி நேரம் மருந்து கலந்து கொடுத்து வந்தார். 1899-ஆம் ஆண்டில் மூண்ட போயர் யுத்தத்தில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தபோது அந்தப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது.

ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்குப் பயிற்சியின் தொடக்கத்திலேயே ஐந்து கேள்விகளைக் கற்பிக்கிறார்கள். நோயாளி சரிதானா, மருந்து சரிதானா, அளவு சரிதானா, கொடுக்கும் வழி சரிதானா, வேளை சரிதானா என்பவை அவை. சீசாவை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு தரம், மருந்தை ஊற்றும்போது ஒரு தரம், திரும்ப வைக்கும்போது ஒரு தரம், ஆக மூன்று தடவை மேல்சீட்டைப் படிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய விதி. நம் வீடுகளில் ஒரு தடவை படிப்பதே அபூர்வம். "அந்தச் சிவப்புத் தண்ணி மருந்தை எடு" என்கிறோம். சிவப்பாக எத்தனையோ மருந்துகள் இருக்கின்றன!

இந்த ஐந்திலும் வீட்டில் அதிகம் தவறுவது அளவுதான். "ஒரு தேக்கரண்டி" என்றால் 5 மில்லி என்பது வைத்தியக் கணக்கு. நம் அடுக்களையிலிருந்த தேக்கரண்டிகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, அளவு போட்ட பீச்சாங்குழலால் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். ஒன்று 3 மில்லியிலேயே வழிந்தது. மற்றொன்று 6 மில்லி கொண்டது. சர்க்கரை போட இரண்டும் நல்ல கரண்டிகள்தான். மருந்துக்கோ சீசாவோடு வரும் அளவு மூடியையோ, ஊசியில்லாத பீச்சாங்குழலையோதான் உபயோகிக்க வேண்டும். மூடியை மேஜைமேல் வைத்துக் கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். கையில் தூக்கிப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் கோடு ஏமாற்றிவிடும்.

அளவு சரியாக இருந்தாலும் போதாது. மருந்தின் வீரியத்தையும் பார்க்க வேண்டும். குழந்தைகளின் ஜுரத்துக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். ஒரு சீசாவில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கிறது. அதே போன்ற வேறொரு சீசாவில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் அடங்கியிருக்கிறது. பாலாடையால் புகட்டுவதைப் போல் அதை 5 மில்லி புகட்டினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அது பெரியவர்கள் விழுங்கும் ஒரு மாத்திரையின் அளவு.

இன்ஸுலின் போட்டுக் கொள்ளும் வீடுகளுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்தும், 100 யூனிட் உள்ள மருந்தும் விற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசிக்குழல். 40-க்கு உரிய குழலில் 100-க்கு உரிய மருந்தை ஏற்றினால் இரண்டரை மடங்கு உடம்பில் சேர்ந்துவிடும். சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்து, நினைவு தவறும். கடையில் "இன்ஸுலின் ஊசி" என்று மட்டும் கேட்டு வாங்குவது ஆகாது. சீசாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்க வேண்டும்.

வேளையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கீல்வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையை மட்டும் குறிப்பிட வேண்டும். அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போலத் தினம் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. கிழமையைச் சீட்டிலும் டப்பாவிலும் கொட்டை எழுத்தில் எழுதி வைப்பது நலம். வழி என்பதும் அப்படியே: நாக்கின் அடியில் வைக்க வேண்டியதை விழுங்கக் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை, பாட்டிக்கு விழுங்கக் கஷ்டமாயிருக்கிறதே என்று அம்மியில் நுணுக்கக் கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். படுத்திருப்பவரைத் தூக்கி உட்கார்த்தி, போதிய தண்ணீருடன் கொடுத்து, விழுங்கினாரா என்று பார்த்த பிறகே நகர வேண்டும். கட்டிலருகில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். கொடுத்தவுடன் மணியைக் குறித்துவிட்டால் "நீ கொடுத்தாயா, நான் கொடுத்தேனா" என்ற சந்தேகம் எழாது.

இவ்வளவும் செய்தும் தவறு நேரத்தான் செய்யும். தேர்ந்த நர்ஸுகளுக்கும் நேருகிறது. மருந்துத் தவறுகளைக் குறைப்பதற்கென்றே உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ஆம் ஆண்டில் ஓர் இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. நேர்ந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் நம் குடும்பங்களின் குணம் தெரிகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரவில் ஜுரம். இளந்தாய் தூக்கக் கலக்கத்தில் முன் சொன்ன சொட்டு மருந்தை மூடி நிறைய, 5 மில்லி வீதம், இரண்டு தடவை கொடுத்துவிட்டாள். விடியற்காலையில் மேல்சீட்டைப் படித்ததும் கை கால் வெலவெலத்துப் போயிற்று. குழந்தையோ ஜுரம் விட்டு விளையாடிக் கொண்டிருந்தது. சொன்னால் மாமியார் என்ன சொல்வாரோ என்று மறைத்து விடவும் கூடும். ஆனால் பாராசிட்டமால் அளவு மீறினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஈரல் கெடுவது பிறகுதான் வெளிப்படும். அதற்கு முறிவு மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்குள் செலுத்தினால் அது மிக நன்றாக வேலை செய்யும். நேரம் ஆக ஆக அதன் பலன் குறையும்.

அவள் அழுதுகொண்டே மாமியாரிடம் சொன்னாள். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. "எத்தனை மணிக்கு, எவ்வளவு, சொல்லம்மா" என்று கேட்டு ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். பக்கத்து வீட்டார் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யச் சொன்னார்கள்; அது கூடாது என்று தடுத்துவிட்டார். சீசாவையும் மூடியையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் எடையையும் அளவையும் கணக்கிட்டுப் பார்த்து, அபாய எல்லைக்குச் சற்றே கீழே நிற்கிறது என்றார். ரத்தப் பரிசோதனை செய்து, ஒரு பகல் அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்.