காலையில் ஒரு கணக்கு, மாலையில் ஒரு கணக்கு!

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன். அங்கே நோரெப்ரோகேட என்ற சாலையில் காலை நேரத்தில் சாரை சாரையாக சைக்கிள்கள். வேலைக்குப் போகிறவர்கள், மாணவர்கள், முன்பக்கப் பெட்டியில் குழந்தையை உட்காரவைத்து மிதிக்கும் அம்மாக்கள் என எல்லோரும் நகரின் மையப்பகுதியை நோக்கிப் போகிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சீராக மிதித்தால் போதும், அடுத்தடுத்த சிக்னல்கள் பச்சையாகவே இருக்கும். தரையில் கால் ஊன்ற வேண்டியதில்லை. இதற்குப் பெயர் 'பச்சை அலை'.

மாலையில் அதே கூட்டம் வீடு திரும்பும்போது அலையும் திசை திரும்பிக்கொள்கிறது. நகருக்குள் வருபவர்களுக்கு இருந்த வசதி, நகரிலிருந்து வெளியே போகிறவர்களுக்கு மாறிவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், எந்த ஊராக இருந்தாலும், ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாறும் அந்தச் சில நிமிடங்கள்தான் சிக்னல் பொறியாளர்களுக்குத் தலைவலி.

36 விநாடி ரகசியம்

உதாரணத்துக்கு, 200 மீட்டர் இடைவெளியில் இரண்டு சிக்னல்கள். 20 கி.மீ. வேகத்தில் வரும் சைக்கிள் இந்தத் தூரத்தைக் கடக்க 36 விநாடி ஆகும். எனவே காலையில், முதல் சிக்னலில் பச்சை விழுந்து 36 விநாடி கழித்து இரண்டாவதில் பச்சை விழ வேண்டும். மாலையில் இதுவே தலைகீழ். இரண்டாவதில் விழுந்து 36 விநாடி கழித்து முதலாவதில் விழ வேண்டும்.

ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரை ஒரு சுற்றுக்கு 90 விநாடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாலையில், முதல் சிக்னலுக்கு 54 விநாடி கழித்துத்தான் இரண்டாவது சிக்னலில் பச்சை வரவேண்டும். அதாவது, அது 18 விநாடி தள்ளிப்போக வேண்டும்.

அந்த 18 விநாடியை ஒரே சுற்றில் சேர்த்தால், குறுக்குச் சாலையில் நிற்பவர்களோ நேர்ச்சாலையில் வருபவர்களோ திடீரென்று காத்துக்கிடக்க நேரிடும். அதனால் சுற்றுக்கு 6 விநாடி வீதம் நீட்டி, மூன்று சுற்றுகளில் சரிசெய்யலாம். ஒரு சுற்று 96 விநாடி என்றால், மூன்றுக்கு 288 விநாடி. கிட்டத்தட்ட 5 நிமிடம். அந்த 5 நிமிடமும் காலை அலையும் இருக்காது, மாலை அலையும் முழுதாக வந்திருக்காது.

கை வைக்கக் கூடாத இடம்

நீட்டுவதற்குப் பதிலாகச் சுற்றைச் சுருக்கியும் இலக்கை எட்டலாம். எந்த வழி சீக்கிரம் முடியுமோ அதைத் தானே தேர்ந்தெடுக்கும் கருவிகளும் இருக்கின்றன. ஆனால், சுருக்குவதற்கு ஓர் எல்லை உண்டு.

மஞ்சள் விளக்கின் நேரத்தைக் குறைக்கக் கூடாது. எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் அந்த ஓரிரு விநாடிகளையும் குறைக்கக் கூடாது. முக்கியமாக, நடந்து கடப்பவர்களின் நேரம். விநாடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் ஒருவருக்கு 12 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 12 விநாடி வேண்டும். கைத்தடியோடு வரும் தாத்தாவுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். அதில் நான்கு விநாடியை வெட்டினால், அவர் நடுச்சாலையில் இருக்கும்போதே எதிர்ப்பக்கம் பச்சை விழுந்துவிடும். அலை ஒரு நிமிடம் தாமதமாகச் சேரலாம். அவருடைய விநாடிகளைத் தொடக் கூடாது.

எப்போது மாற்றுவது?

கூட்டம் நெரியத் தொடங்கிய பிறகு மாற்றினால், குழப்பமான அந்த 5 நிமிடமும் நெரிசல் நேரத்திலேயே வந்து விழும். தேங்கிய வரிசை கரையவும் நேரமாகும். எனவே கூட்டம் சேரும் முன்பே மாற்றிவிடுவதுதான் நல்லது.

அடிக்கடி மாற்றுவதும் ஆகாது. கால் மணி நேரத்துக்கு ஒரு திட்டம் என்று வைத்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு மாறுவதற்கே போய்விடும். கொஞ்சம் சுமாரான திட்டமாக இருந்தாலும் நிலையாக ஓடவிடுவது பல நேரங்களில் அதைவிட மேல்.

வழக்கமாகச் சட்டென்று விழும் பச்சை, தினமும் குறிப்பிட்ட ஒரு வேளையில் மட்டும் சில விநாடி தாமதித்தால், அது எப்போதும் பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தச் சிக்னல் காலைக் கணக்கை முடித்து, மாலைக் கணக்குக்கு மாறிக்கொண்டிருக்கலாம். அதுவரை ஹாரனில் வைத்த கையை எடுத்துவிடலாம். எதிரே ஒரு தாத்தா இன்னும் பாதிச் சாலைதான் கடந்திருப்பார்.