நீரிற் கிடந்தும் நனையாத வித்து

வன்னியிற் குளக்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தாமரைப் பொகுட்டை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. இதழ்கள் உதிர்ந்தபின் நிற்கும் அக்கூம்பைக் கொய்து, அதன் குழிகளிலிருந்து பச்சைக் கொட்டைகளை எடுத்து உரித்து, நடுவிலுள்ள கசப்பான முளையை நீக்கித் தின்ற நினைவு பலருக்கும் இருக்கும். அதே கொட்டை முற்றிக் கறுத்துவிட்டாலோ பல்லுக்கு இசையாது. இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது?

நாம் விதையென வழங்கும் இக்கொட்டை உண்மையில் ஒரு முழுக் கனியாகும். விதை உள்ளே இருக்கின்றது. வெளியோடு கனியின் சுவர். தாவரவியலார் இதனைச் சுற்றுக்கனியம் என்பர். மாங்கனியில் இது தோல், சதை, ஓடு என மூன்றாகப் பிரிந்திருக்கும். தாமரையிலோ முழுவதும் ஓடாகவே இறுகிவிடுகின்றது.

இளங்காயின் சுவர் பசியது, மெல்லியது. அதிலுள்ள நுண்டுளைகள் வழியாகக் காற்றுச் சென்று வரும். காய் முற்றுங்கால் அத்துளைகள் அடைபடுகின்றன. மேற்றோலின் கீழே நீண்ட கலங்கள், தூண்களை நெருக்கி நாட்டினாற்போல அணிவகுத்துத் தம் சுவர்களைத் தடிக்கச் செய்கின்றன. புறத்தே மெழுகுப் படலம் மூடுகின்றது. மரத்துக்கு வன்மை தருவது இலிக்னின். தாமரை ஓட்டிலோ, கலக்டோசு, மனோசு என்னும் வெல்லங்கள் தொடர்ந்து அமைந்த பொருள்களும், நீரிற் கரையாத தனினும் சேர்ந்தே அதற்கு உறுதியளிக்கின்றன. தேநீரின் துவர்ப்புக்குக் காரணமானதும் தனின் இனமே.

நீரிலே வாழுஞ் செடி தன் வித்தை நீரினின்றே காப்பது விந்தையன்றோ? காரணம் உண்டு. நீர் உட்புகுந்தால் வித்து முளைத்துவிடும். குளம் வற்றுங் காலமாயின் முளை கருகிப்போகும். ஆதலின் வித்துச் சேற்றுள் உலர்ந்தே உறங்குகின்றது. ஓடு தேய்ந்தோ வெடித்தோ வழிவிடும் நாளிலேதான் அது விழிக்கும்.

அவ்வுறக்கம் எத்துணை நீண்டது! 1951 ஆம் ஆண்டு யப்பானிற் சீபா நகருக்கு அருகே, புதையுண்ட சேற்றுப் படையிலிருந்து ஒகா இச்சிரோ என்னும் தாவரவியலார் மூன்று தாமரை வித்துக்களைப் பெற்றார். அவற்றுள் ஒன்று வளர்ந்து, 1952 ஆம் ஆண்டு யூலையில் மலர்ந்தது. அவ்விடத்தே கிடைத்த பழந்தோணியின் வயதைக் கொண்டு, வித்தின் வயது ஏறக்குறைய 2,000 ஆண்டென மதிப்பிட்டனர். இது மதிப்பீடே. சீனாவின் வறண்ட ஏரிப்படுகையிற் கிடைத்த வித்தொன்றோ நேரே கதிரியக்கக் காபன் முறையால் அளக்கப்பட்டது. ஏறக்குறைய 1,300 ஆண்டு வயதான அவ்வித்து முளைத்த செய்தி 1995 இல் வெளியாயிற்று.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்தறியலாம். முற்றிக் கறுத்த கொட்டைகள் இரண்டு எடுங்கள். ஒன்றை, கூர்முனைக்கு எதிர்ப்புறத்தில், உள்ளே வெண்மை தோன்றும்வரை மட்டும் கல்லில் உரைஞ்சுங்கள். இரண்டையும் நீர் நிறைந்த கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறாக இட்டு, நாடோறும் நீரை மாற்றி வாருங்கள். உரைஞ்சியது நல்ல வித்தாயின், ஒரு வாரமளவில் பசுமுளை காட்டும். மற்றது கிடந்தபடியே கிடக்கும். அது பட்டுவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். பின்னர் அதனையும் உரைஞ்சிப் பாருங்கள்.