எர்த் பின்னைப் பிடுங்காதீர்கள்!

ப்ரீஆம்ப் தனி, பவர் ஆம்ப் தனி என்று வாங்கி வீட்டில் பாட்டுக் கேட்பவர்கள் நம் ஊரில் ரொம்பக் குறைவு. அப்படி ஆசைப்பட்டு வாங்கி எல்லாவற்றையும் இணைத்து ஸ்விட்ச் போட்டால், சில வீடுகளில் பாட்டுக்கு முன்னால் "உர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். அதற்கென்றே தெருவுக்கு ஒரு நிபுணர் இருப்பார். "ப்ளக்குல மேல பெருசா ஒரு பின் இருக்கு பாருங்க, அதை மட்டும் கழட்டிடுங்க, சரியாயிடும்" என்பார். கழற்றினால் பல நேரம் சரியாகவும் ஆகிவிடும். அதனால்தான் இந்த யோசனை இத்தனை வருடமாகச் சாகாமல் இருக்கிறது!

சத்தம் ஏன் நிற்கிறது? ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் இரண்டுமே மூன்று பின் ப்ளக் உள்ளவை என்று வைத்துக்கொள்வோம். சுவருக்குள் ஓடும் எர்த் ஒயரால் இரண்டு பெட்டிகளும் ஏற்கெனவே இணைந்துவிட்டன. ஆர்சிஏ ஒயரின் வெளிப்பின்னல் அவற்றை இன்னொரு முறை இணைக்கிறது. ஆக ஒரு வளையம். சுற்றியிருக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் இந்த வளையத்தில் துளியூண்டு கரண்டை ஓட வைக்கும். பாட்டு திரும்பிப் போகும் பாதையும் அதே வெளிப்பின்னல்தான் என்பதால் அந்தத் துளியும் பாட்டோடு சேர்ந்து பெரிதாகி ஸ்பீக்கரில் உறுமுகிறது. எர்த்தைக் கழற்றினால் வளையம் அறுந்துவிடும், உறுமலும் நின்றுவிடும்.

ஆனால் அந்தப் பின் வைக்கப்பட்டது பாட்டுக்காகவா? என்றோ ஒருநாள் உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் கெட்டு 230 வோல்ட் உலோகப் பெட்டியில் ஏறினால், அது எர்த் வழியே ஓடி ஃப்யூஸை எரிக்க வேண்டும். எர்த் இல்லையென்றால் அடுத்துத் தொடுகிறவர்தான் எர்த்! அதுவும் அந்த ஒரு பெட்டியோடு போகாது. ஆர்சிஏ ஒயர் வழியே மற்றப் பெட்டிகளின் உலோகத்துக்கும் அது பரவலாம். (கம்பெனியிலிருந்தே இரண்டு பின்னோடு வருபவை வேறு ஜாதி. அவற்றுக்கு இரட்டை இன்சுலேஷன் உண்டு. அதைப் பார்த்து மூன்று பின்காரர்களின் பின்னைப் பிடுங்கக் கூடாது.)

உறுமலைக் கண்டுபிடிக்கப் பொறுமை போதும். பவர் ஆம்ப்பில் ஸ்பீக்கரைத் தவிர எதையும் மாட்டாமல் கேட்க வேண்டும். அப்போதும் உறுமினால் கோளாறு அதற்குள்ளேயேதான். அமைதியாக இருந்தால் அடுத்து ப்ரீஆம்ப், பிறகு சிடி ப்ளேயர், செட்-டாப் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்ததும் சத்தம் ஆரம்பிக்கிறதோ அதுதான் ஆள். பெரும்பாலும் கேபிள் டிவி ஒயரைச் சந்தேகிக்கலாம், அது வெளியிலிருந்து தனக்கென ஒரு எர்த்தைக் கூட்டிக்கொண்டு வரும். ரெக்கார்டு ப்ளேயர் என்றால் ஆர்சிஏ ஒயரோடு மெல்லிசாக இன்னொரு ஒயர் தொங்கும். எதற்கென்று தெரியாமல் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். அது ப்ரீஆம்ப்பின் முதுகில் இருக்கும் ஸ்க்ரூவில் மாட்ட வேண்டியது. எல்லா ப்ளக்கையும் ஒரே போர்டில் செருகிப் பார்ப்பதும் நல்ல வழி, போர்டு அத்தனை லோடையும் தாங்குமென்றால். இதற்கெல்லாம் காசு கிடையாது. காசு வராத யோசனையை எந்தக் கடைக்காரர் சொல்வார்? பல ஆயிரம் ரூபாய் ஒயரைத்தான் காட்டுவார். அந்த ஒயரை மாட்டினாலும் வளையம் வளையம்தான்.

ப்ளக்கை விட்டால் அடுத்த குழப்பம் ப்ரீஆம்ப்பின் முதுகில் உள்ள ஓட்டைகள். ரெக்கார்டு ப்ளேயர் ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். சிடி ப்ளேயர் 2 வோல்ட் வரை தரும், அதாவது 400 மடங்கு. 'போனோ' என்று எழுதிய ஓட்டை முன்னதற்கு மட்டும். இசைத்தட்டில் அடித்தாளத்தைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டிப் பதிகிறார்கள். அதைத் திருப்பி நேராக்கும் வேலையும் (1954ல் வந்த ஆர்ஐஏஏ விதி) அங்கேதான் நடக்கிறது. சிடியை அங்கே செருகினால் காது கூசும்! 'டேப் அவுட்'டிலிருந்து பவர் ஆம்ப்புக்கு ஒயர் கொடுப்பது அதைவிட மோசம். வால்யூம் திருகல் அந்த வழியைக் கட்டுப்படுத்தாது. முழுச் சத்தமும் ஒரே அடியாகப் போய் ட்வீட்டரின் உயிரை வாங்கிவிடலாம். போக வேண்டியது 'ப்ரீ அவுட்'.

ஆன் செய்யும்போது பவர் ஆம்ப் கடைசி, அணைக்கும்போது அதுதான் முதல். இந்த வரிசை மாறினால் ஸ்பீக்கரில் "டப்" என்று ஓர் அடி விழும். ஒயரை மாற்றும்போதும் அதை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுப்பது நல்லது.

இத்தனையும் செய்து பார்த்தும் உறுமல் போகவில்லையா? ஆர்சிஏ ஒயரின் நடுவே மாட்டுகிற குட்டி ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று உண்டு, கார் ஸ்டீரியோவுக்கென்று விற்பார்கள். அது பாட்டை விட்டுவிட்டு வளையத்தை மட்டும் அறுக்கும். எர்த் பின் இருந்த இடத்திலேயே இருக்கும். மலிவானதாக இருந்தால் அடித்தாளம் கொஞ்சம் மெலிந்து கேட்கும், பரவாயில்லை.