பாலிசி இருக்கு... கவுன்சலிங் ஃபீஸ் யார் தருவாங்க?

‘தூக்கமே வரல, யார்கிட்டயாவது பேசணும்’ என்று முடிவெடுக்கவே பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. அதைத் தாண்டினால் அடுத்து நிற்பது ஃபீஸ். சென்னையில் தனியார் ஆலோசகர்கள் ஒரு செஷனுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குவது சாதாரணம். ஒரே செஷனில் முடியவும் முடியாது.

‘ஆபீஸ்ல இன்ஷூரன்ஸ் இருக்கே?’ இருக்கு. உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4)-வது பிரிவு. நல்ல சட்டம்தான். ஆனால், நம் பாலிசிகளில் பெரும்பாலானவை மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். மனச்சோர்வு, பதற்றம் என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை பெட் அல்ல. மாத்திரையும், தொடர்ந்து பேச ஓர் ஆலோசகரும். அதெல்லாம் ஓ.பி. செலவு, கையிலிருந்துதான் போகும். சட்டம் சொன்ன சமம் வார்டுக்குள் மட்டும்தான்.

அரசு மருத்துவமனையில் இலவசம்தானே? ஆமாம். ஆனால், ஓ.பி. பெரும்பாலும் காலையில். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். கூட்டத்துக்கு நடுவே டாக்டரிடம் மனசுவிட்டுப் பேச எத்தனை நிமிஷம் கிடைக்கும்?

2022-ல் தொடங்கிய டெலி மானஸ் (14416) இலவசம், தமிழிலும் பேசலாம். அவசரத்துக்குக் கைகொடுக்கும். வாராவாரம் ஒரே ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுவதற்கு அது ஈடாகாது.

ஓ.பி. கவுன்சலிங்கையும் பாலிசிக்குள் கொண்டுவர காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட வேண்டும். பாலிசியே இல்லாதவர்களுக்காக, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் வாரம் இரண்டு நாளாவது மாலை நேர மனநல ஓ.பி.யை அரசு திறக்கட்டும்.