ஒளியைக் காண்போர் முகத்தையும் காண்க

புகைப்படக்கலை ஒளியின் கலை என்பர். உண்மை. ஆயினும் ஊவா மலைகளில் எடுக்கப்படும் படங்களை நோக்குமிடத்து, நம்மவரிற் பலர் ஒளியை அழகாகக் கண்டனரேயன்றி அறிவாகக் கொள்ளவில்லை என்றே கூறவேண்டியுள்ளது.

அப்புத்தளைக்கு மேலே, தம்பேத்தன்னைத் தோட்டத்து உயரத்தில் 'லிப்டன் சீற்' உண்டு. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் அமர்ந்து நோக்கிய இடம் என்பர். விடியுமுன்னரே அங்கு கமராக்கள் காத்து நிற்கும். கதிரவன் எழுந்தபின் சாய்ந்த பொன்னொளி சிறிது நேரமே நிலைக்கும். பின்னர் பள்ளத்தாக்கிலிருந்து மேலெழும் மூடுபனி அனைத்தையும் மறைத்துவிடும். அக்கணத்துக்காக விழித்திருத்தல் நற்பழக்கமே. அவ்வொளியைக் கொண்டு என்ன செய்கின்றனர் என்பதே நமது வினா.

மூடுபனி வெண்மையானது. கமராவின் ஒளிமானியோ தான் காண்பதனைத்தையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணிக்கும். அது கூறியவாறே எடுத்தால் வானம் அழகாக அமையும். கொழுந்து பறிப்பவளின் முகம் இருண்டுவிடும். நாட்காட்டிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும், ஏன், மாணவர் கண்காட்சிகளிலுங்கூட நாம் காணும் கரிய உருவம் பெரும்பாலும் இவ்வாறு பிறந்ததே. கூடை உண்டு, முகம் இல்லை. இன்னும் ஒரு படி ஒளியை உள்ளே விட்டிருப்பின் அவள் மனுஷியாகத் தோன்றியிருப்பாள். விடாமை இயற்கையின் குற்றமன்று, எடுப்பவரின் தெரிவு.

இத்தெரிவின் பின்னே வணிகமும் உண்டு. 1934இல் பசில் ரைட் இயக்கிய 'சோங் ஒவ் சிலோன்' என்னும் விவரணப்படத்துக்குப் பணம் அளித்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அப்படம் கலைச்சிறப்புடையதே. ஆயினும் தேயிலையை விற்போருக்கு மலையின் அழகு போதும்; பறிப்பவளின் முகம் வேண்டியதில்லை.

"ஒளி கணத்தில் மறையும், அனுமதி கேட்டு நின்றால் படம் போய்விடும்" என வாதிப்போர் உளர். இது சோம்பலின் வாதம். யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு நறுமணம் தருவதும் அதுவே. வடகீழ்ப் பருவக்காற்றுடன் மழையும் மூடுபனியும் வரும். இவ்வொழுங்கை அறிந்தவர் இன்று கேட்டு, நாளை எடுக்கலாம். ஒளி மீண்டும் வரும். கேளாது எடுக்கப்பட்டவளின் நம்பிக்கை எளிதில் மீளாது.

அதே காலையொளி பெரட்டுக்களத்திலும் லயத்துச் சுவர்களிலும் விழுகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அதன்பின் கமராக்கள் அங்கு விரைந்தன. அதற்கு முந்திய நாட்காலையிலும் அங்கு ஒளி இருந்தது, மக்களும் இருந்தனர்.

ஒளிக்காக விழித்திருக்கும் நண்பர்களே, விழித்திருங்கள். ஆனால் மலையுச்சியில் மட்டும் நில்லாதீர்கள். லயத்துக்கும் இறங்கி வாருங்கள். முகத்துக்கேற்ப ஒளியை அளவிடுங்கள்.